காப்புக் கட்டிய பத்து நாள்

என் இரத்தம் வேண்டாத இடத்தில் உறைந்துபோகும் இரத்தம். இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டிப்போகாமல் காவல் காக்கும் சில புரதங்கள் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் என் உடம்பில் ஊறும் எதிர்ப்பொருள்கள் கிருமிகளை விட்டுவிட்டு அந்தக் காவல்காரர்கள்மேலேயே பாய்கின்றன. இரண்டு கரு கலைந்த பிறகுதான் இது தெரியவந்தது. மூன்றாவது தங்கியதும், தினமும் வயிற்றில் ஓர் ஊசி நானே போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது என்றார் டாக்டர்.

மலேசியாவில், லாபு ரப்பர் தோட்டத்து வீட்டில் மாமியாரிடம் இதை எப்படி விளக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் முப்பது வருடம் பால்மரம் வெட்டி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் ரப்பர் பால் சேர்த்தவர்.

"மங்குல பாலு கட்டிப்போவாம இருக்க அமோனியா விடுவோமே, அந்த மாதிரிதானேலா?" என்றார்.

டாக்டர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஊசிப் பெட்டியை முதலில் கொடுத்த மலாய்த் தாதி, அந்த மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பது என்று சொல்லிச் சம்மதம் கேட்டார். ஆடு, கோழி எதையும் விட்டுவைக்காதவள் நான். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று மாமியார் பால்குடம் நேர்ந்து, காப்புக் கட்டிக்கொண்டார். பத்து நாள் விரதம். கவிச்சிச் சட்டிகள் கொட்டகைக்குப் போயின. ஐஸ்பெட்டியிலிருந்த மீனும் முட்டையும் பக்கத்து வீட்டுக்குப் போயின. பெட்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தவர், என் ஊசிப் பெட்டியை மட்டும் பழைய இடத்திலேயே பத்திரமாக வைத்தார். அதற்குள் இருப்பது பன்றி என்று அவருக்குத் தெரியாது என்றே நினைத்தேன்.

டாக்டருக்குப் போன் செய்திருக்கலாம். படித்தவள்தான். ஆனாலும் பன்றி மருந்தால் வேண்டுதல் கெட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். பத்து நாள்தானே என்று ஊசியை நிறுத்தினேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

எட்டாம் நாள் இடது கால் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் மாமியாரின் பால்குடம் கோயிலுக்குள் நுழைந்தபோதுதான், காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

காலிலும் நஞ்சுக்கொடியிலும் இரத்தம் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை இறந்து பிறந்தது. பெண்.

மூன்றாம் நாள் மாமியார் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பன்றி, விரதம், நிறுத்திய ஊசி என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பன்னின்னு எனக்கு மொத மாசமே தெரியும்மா. பொட்டிக்குள்ள இருந்த தாள பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. காப்புக் கட்டறதுக்கு முன்னாடியே ஆத்தாகிட்ட பூ வச்சிக் கேட்டேன். மருந்துதானே, குத்தமில்லன்னு வெள்ளப்பூ குடுத்தா."

என் போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

"நான் சாமிகிட்ட கேட்டேன். நீ பக்கத்து ரூம்புல இருந்த என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதா?"