என் வீட்டைப் பாடமாக்கிய டீச்சர்

மூன்றாம் வகுப்பு அறைக்கு ரெட்டைக் கதவு. இடப்பக்கக் கதவு மழையில் ஊறிப் பெருத்துப்போய், தரையை உரசிக்கொண்டுதான் மூடும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு அந்த உரசல் சத்தம் கேட்டால் என் காது அந்தப் பக்கமே போகும். உள்ளே டீச்சர்மார் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாடம் பேசுவதற்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். ராஜபாளையத்தில் ஒரு சர்ச் சுவரை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா வேலை பார்த்தேன். டீக்கடையிலிருந்து தூக்குச்சட்டியில் டீ வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினால் பேச்சு அப்படியே நின்றுவிடும். நாலு முகமும் என்னைப் பார்க்கும். "வாங்கம்மா, வச்சுட்டுப் போங்க" என்பார்கள் பெரிய டீச்சர். கதவுக்கு இந்தப் பக்கம் வந்து, விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்குவேன்.

பெரிய டீச்சர் என்றால் தலைமை ஆசிரியை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். இரண்டாம் வகுப்பும் அவர்களுடையதுதான். என் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். டீச்சர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதுவே எனக்குப் பயம். சத்தம் போடுகிற ஆளை நம்பிவிடலாம், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். சிரித்த முகமாகவே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிற விதமே வேறு. அரசாங்கம் கொடுக்கிற புத்தகம்தான். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக மாட்டார்கள். ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் என்றால் பள்ளிக்கூடம் முழுக்கத் தண்ணீர்தான். ஒன்றாம் வகுப்பு குடம் வரையும். மூன்றாம் வகுப்பு ஒரு தொட்டிக்கு எத்தனை குடம் பிடிக்கும் என்று கணக்குப் போடும். ஐந்தாம் வகுப்பு, மலையிலிருந்து எங்கள் ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் வரும் வழியைக் கேட்டு வந்து எழுதும். புத்தகத்தில் தண்ணீரைப் பற்றி எந்தெந்தப் பாடத்தில் இருக்கிறதோ அதையெல்லாம் முன்னேயும் பின்னேயுமாகப் பொறுக்கி எடுத்து நடத்துவார்கள். காலையில் ஜெபம், ஒரு பாட்டு, பிறகு இது. எங்கள் வீட்டுச் சாமி வேறு. ஆனாலும் ஜெபத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணை மூடி நிற்பது பிள்ளைக்கு நல்லதுதான். பதினோராம் பாடத்துக்குப் பிறகு மூன்றாம் பாடம் வருவதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. படியை விட்டுவிட்டு ஏறுகிற வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

நான் இப்படிப் பதறினதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்தையும் மனப்பாடமாகச் சொல்லுவேன். டீச்சர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும், கடைசி வரி வரை நிற்க மாட்டேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம். முதல் நாளே புது வாத்தியார் நான் பார்த்தே இராத ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். எழுத்துகள் தனித்தனியாகத் தெரிந்தன, ஒன்றோடு ஒன்று சேரவில்லை. வகுப்பு சிரித்தது. அந்த வருஷம் முடியுமுன்னே ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்விட்டேன். கூட்டிக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டது அதற்கு ரொம்ப காலத்துக்குப் பிறகு, மில்லுக்குப் போய்வந்த பஸ்களின் போர்டுகளைப் பார்த்து. என் மகளுக்கு அந்த முதல் நாள் வந்துவிடக் கூடாது. எனக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை டீயோடு போனபோது, கதவைத் தள்ளுமுன் பெரிய டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது. என் மகள் பெயரைச் சொன்னார்கள். "அவகிட்ட இருந்து புத்தகத்த வாங்கி வச்சிருவோம். கொஞ்ச நாளைக்கு அவளுக்குப் புத்தகமே வேண்டாம்." நான் தள்ளினேன். பேச்சு நின்றது. டீயை வைத்துவிட்டு வந்தேன். ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவள் முன்னால் நிற்கிறேன், ஒரு வார்த்தை இல்லை.

தெருக்குழாயில் பக்கத்து வீட்டு மதினியிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புத்தகத்தப் பிடுங்கிட்டாகன்னா அம்புட்டுத்தான் மதினி. இனி ஒம்மக கடைசி வரிசைதான். ஆயா மகதானே, இவ படிச்சு கலெக்டராவா ஆகப்போறான்னு நெனச்சிருப்பாக. எம்மகன் போற வேன்ல ஏத்தி விடு, இங்கிலீசு ஸ்கூல்ல."

"அதுக்கு அவிய அப்பாகிட்டக் கேக்கணும்லா."

"கேளு. திருப்பூர்ல இருந்து போன் போடுதாரா இல்லியா?"

அவள் கேட்ட விதத்தில் ஒரு நெளிவு இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் இல்லை. ஒரு சண்டையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தளவாய்புரத்தில் அவர் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார். வேலைக்காகத் திருப்பூர் போயிருக்கிறார் என்று தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் நானாகச் சொல்லி வைத்திருந்தேன். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்ற நம்பிக்கையில் சொன்னது. மகளுக்கு உண்மை தெரியும். வெளியே சொல்லாதே என்று சொல்லியிருந்தேன். சரிம்மா என்று தலையாட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் அடுத்த விஷயத்தை எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். வீடு. இரண்டாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே இருந்த வராந்தாவை அன்றைக்கு நான் கூட்டின மாதிரி யாரும் கூட்டியிருக்க முடியாது. உள்ளே மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்திருந்தன. என் மகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் வெறுங்கையோடு போர்டுக்கு முன்னால் பாயில். பெரிய டீச்சர் கீழே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? யார் சமைச்சா? வீட்ல யாரு மொதல்ல எந்திரிப்பா? கதவ யாரு பூட்டுவா? பிள்ளைகள் போட்டி போட்டுச் சொல்லின. சொன்னதை அப்படியே, பேச்சு மாறாமல், போர்டில் எழுதினார்கள். ரசம் ஊத்துச்சு என்றால் ரசம் ஊத்துச்சு.

பாடம் நடத்துகிற மாதிரியே எனக்குத் தெரியவில்லை. துப்பு விசாரிக்கிற மாதிரி இருந்தது. சாயங்காலம் மகளைப் பிடித்து உலுக்கினேன். டீச்சர் என்ன கேட்டாக? நீ என்ன சொன்ன? அப்பாவைப் பத்திக் கேட்டாகளா? "கேக்கலம்மா. நம்ம பூனையப் பத்திக் கேட்டாக" என்றாள். நம் வீட்டில் பூனை இருப்பது டீச்சருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். இவள்தான் சொல்லியிருப்பாள். பூனையைச் சொன்னவள் வேறு எதைச் சொல்ல மாட்டாள்?

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு பஸ்ஸுக்குக் கிளம்பின பெரிய டீச்சரைப் பள்ளிக்கூட வாசல் கேட்டில் மறித்துவிட்டேன்.

"டீச்சர், பிள்ளைக்கு எழுத்தச் சொல்லிக்குடுங்க. எங்க வீட்ட எதுக்கு நோண்டுதீக?"

முகம் மாறவே இல்லை. "ஒங்க மக புத்தகத்த வாசிக்கலம்மா, ஒப்பிக்கா. படத்தக் கையால மறைச்சுக்கிட்டு வாசிக்கச் சொன்னேன். நின்னுட்டா. புத்தகம் கையில இருந்தா அவ எழுத்தப் பாக்கவே மாட்டா. அவ வாயில இருந்து வந்தத எழுதிக் காட்டுனா, தான் சொன்னது எங்க இருக்குன்னு தேடுவா. தேடுனாத்தான் கண்ணு எழுத்துல விழும்."

என் கதை அப்படியே திரும்பி வந்திருக்கிறது, பெற்ற எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோபமும் அடங்கவில்லை. "இத எங்கிட்ட ஏன் சொல்லல? கதவச் சாத்திக்கிட்டுப் பேசுதீகளே."

"ஒவ்வொரு பிள்ளையவும் பேரு சொல்லிப் பேசுவோம். எந்தப் பிள்ளைக்கு என்ன முடியலன்னு. வராந்தாவுல நிக்கிற யாருக்கும் அது கேக்கக் கூடாதுல்லா?"

வராந்தாவில் நிற்கிறது நான் ஒருத்திதான். அதைத் தெரிந்து சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா? பஸ் வந்துவிடும் என்று போய்விட்டார்கள். நான் மதினியிடம் போய், அடுத்த மாதம் வேனில் ஒரு இடம் சொல்லி வை என்றேன். வீடு என்கிற இந்தச் சனியன் முடிவதற்குள் இவள் எழுத்துக்கூட்டாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு.

அந்த விஷயம் முடிகிற வாரத்தில் ஒரு காலை. எங்கே நிற்பேன், ஜன்னலடியில்தான் நின்றேன். பாயில் இருந்த மூன்று பேரும் முறை வைத்து ஒவ்வொருவராகச் சொல்ல, டீச்சர் எழுத வேண்டும். என் மகள் முறை வந்தது. எழுந்து நின்று பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"எங்க அப்பா திருப்பூருக்குப் போகல. தளவாய்புரத்துல அத்தை வீட்ல இருக்காரு. அம்மா பொய் சொல்லுது."

வகுப்பில் பாதிப் பிள்ளைகள் எங்கள் தெரு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். டீச்சர் சாக்பீஸை எடுத்துப் போர்டுப் பக்கம் திரும்பினார்கள். முதல் வரியை எழுதினார்கள். இரண்டாவது வரியை எழுதினார்கள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

"வாசி."

மகள் போர்டுக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தாள். எங்க. அப்பா. விரல் நகர்ந்து நகர்ந்து போனது. இரண்டாவது வரியின் கடைசிக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே வெறும் பலகை. அவள் திரும்ப மேலே போனாள், உதட்டை அசைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நான் மூணு சொன்னேன். இங்க ரெண்டுதான் இருக்கு. அம்மா பொய் சொல்லுதுன்னு எழுதவே இல்லியே."

இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒப்பிக்கிறவளுக்கு அது முடியாது, எனக்கு அது தெரியும். ஒப்பிக்கிறவள் பலகை காலியாக இருந்தாலும் மூன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன், ஐந்து வருஷம்.

பின்வரிசையில் ஒரு பையன் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். டீச்சரும் ஜன்னலைப் பார்த்தார்கள். "இடம் பத்தலட்டி" என்றார்கள் மகளிடம்.

"கீழ எம்புட்டு இடம் கெடக்கு" என்றாள் அவள், அழப்போகிற குரலில். அவள் சொன்னதை இல்லை என்று ஆக்குகிறார்கள், அதுதான் அவளுக்கு வருத்தம். இன்னும் செத்த நேரம் இப்படியே போனால், தான் கண்டதையே சந்தேகப்பட்டு உட்கார்ந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

"எழுதுங்க டீச்சர்" என்றேன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "அவ சொன்னத எழுதிருங்க."

எழுதினார்கள். அவள் வாசித்தாள், வகுப்பே கேட்க.

அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் மதினி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. வேனில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் பிறகு வந்தார், அது வேறு சங்கதி. மகள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிப் பெரிய படிப்பு படிக்கிறாள். அவள் போனில் எனக்கு அனுப்புகிற சேதிகளை நான்தான் இன்னமும் விரல் வைத்து வாசிக்கிறேன்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பெரிய டீச்சரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார்கள், தலை முழுக்க நரை. ரொம்பப் பாசமாகப் பேசினார்கள். இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த மூன்றாவது வரியை ஏன் விட்டீக? அவள் கண்டுபிடிக்கிறாளா என்று பார்க்கவா, இல்லை என் மானத்துக்காகவா?

"நீங்க ஜன்னல்ல நின்னீகல்லா" என்றார்கள். "பாத்தேன். அதான் எழுதல."

கண்ணில் நீர் வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். ராஜபாளையம் பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தேன். பஸ் திரும்பின பிறகுதான் அந்தப் பதிலை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தேன். நான் நின்றதால் எழுதவில்லை. சரி. எத்தனையோ நாள் ஜன்னலை விட்டுக் கக்கூஸ் கழுவப் போயிருப்பேன், டீ வாங்கப் போயிருப்பேன். அப்போதெல்லாம் என் வீட்டிலிருந்து என்னென்ன அந்தப் பலகையில் ஏறியிருக்கும்?