நிலவறையில் அப்பாவின் மனு

போன ஞாயிறு, குளிர்கால மேலங்கியைத் துவைக்கப் போடுமுன் அதன் பைகளைச் சோதித்தேன். உள்ளே இருந்தவை: இருமல் மிட்டாய் இரண்டு, ஒற்றைக் கையுறை, விம்பிள்டன் கோயில் திருநீற்றுப் பொட்டலம், விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை. (எதையும் பட்டியலாகத்தான் பார்ப்பேன். சிரிக்காதீர்கள்.) அட்டையில் ஓர் எண், அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மூக்கருகே கொண்டுபோனேன். சூடேறிய தூசியும் ஈரச் சுவரும் கலந்த அந்த மணம் இன்னும் போகவில்லை.

படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தேம்ஸ் கரையில் இருக்கும் பாராளுமன்றத்தின் நிலவறையில். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று தேடி அட்டை கட்டவேண்டும். நீலம் என்றால் உயிரோடிருப்பது. சாம்பல் என்றால் செத்தது. மஞ்சள் என்றால் தெரியாது. எங்களிடம் முதலில் தீர்ந்துபோவது எப்போதும் மஞ்சள்தான். செத்ததா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத எதையும் அங்கே யாரும் கழற்றியதில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டு வாசற்கதவடியில் இருந்த அப்பாவின் நீலப் பையும் அப்படித்தான். காலாவதியான கடவுச்சீட்டுகள், கிராம சேவகரின் கடிதம், கவுன்சில் இதுவரை அனுப்பிய அத்தனை கடிதங்கள், எனக்கு ஐந்து வயதில் போட்ட தடுப்பூசி அட்டை. எறியலாமா என்று கேட்டால் ஒரே பதில்: "கேப்பாங்கள்." யார் கேட்பார்கள் என்று அவர் சொன்னதேயில்லை.

அந்த வேலைக்குப் பாதுகாப்புப் படிவம் ஒன்று நிரப்பவேண்டியிருந்தது. அதில் பெற்றோரின் பிறந்த தேதியும் கேட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழாக இருமுறை பார்த்தார்.

"குழாய் பாக்கிறதுக்கு என்ர பிறந்த தேதி எதுக்கு?"

"பாராளுமன்றமெண்டாலும் அது பேருக்கு அரண்மனை அப்பா. எல்லாரையும் கேப்பினம்."

"அரண்மனையெண்டால் ராசா எங்கை?"

முன்பு அரசர்கள் அங்கேதான் இருந்தார்கள், ஒரு தீ விபத்துக்குப் பிறகு வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றேன்.

"அப்ப அவரும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவர்தான்," என்றார் அப்பா. சமையலறையில் அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "ராசா இல்லாத அரண்மனையில ஆர் பொறுப்பு? கடதாசியை ஆரிட்டைக் குடுக்கிறாய்?"

பிறந்த தேதியையும் அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். சரிபார்க்க நீலப் பையைத் திறந்தேன். கடவுச்சீட்டில் ஒரு தேதி. சாதகக் குறிப்பில் இன்னொன்று. மூன்று மாத வித்தியாசம்.

மறுநாள் ரயிலில் காரணங்களைப் பட்டியலிட்டேன். ஒன்று, வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ட் மாற்றியது. இரண்டு, வேறு யாருடைய பத்திரத்திலோ வந்திருக்கிறார். மூன்று, அப்பா என் அப்பாவே இல்லை. மூன்றாவதை எழுதியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

உண்மை மிகச் சின்னது, அவர் சொன்னபடி பார்த்தால். "பள்ளிக்கூடத்தில சேர்க்க வயசு காணாதெண்டு என்ர ஐயா மூண்டு மாசம் கூட்டிச் சொல்லிப்போட்டார். பிறகு எல்லாக் கடதாசியும் அதுதான்."

"இதுக்கோ பயப்பிடுறீங்கள்?"

"இதுக்கில்லை. நான் அங்க ஒரு மனுக் குடுத்தனான்."

இலங்கையில் யுத்தம் முடியும் தறுவாயில், அதை நிறுத்தச் சொல்லி அந்தக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தில் எங்கள் சனம் வாரக்கணக்காக நின்றது. அப்பாவும் நின்றார். பள்ளிச் சீருடையோடு நானும் அவருக்குப் பக்கத்தில் புல்லில் இருந்து வீட்டுப்பாடம் செய்தேன். மிதிபட்ட புல்லும் பிளாஸ்க் தேத்தண்ணீரும் சேர்ந்த மணம் நினைவிருக்கிறது. அப்பா முழங்காலில் தாள் வைத்து எழுதியதும் நினைவிருக்கிறது. மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போட்டார்கள். அப்பா ஆறு பக்கம் எழுதினார். மனுவென்றால் பிறந்ததிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது ஊரில் அவர் பழகிய முறை. முதல் வரியிலேயே பிறந்த தேதி. உண்மையான தேதி.

"ஏன் அப்பா அதில மட்டும் உண்மையை எழுதினீங்கள்?"

"ஊரில சனம் செத்துக்கொண்டிருந்துது. அந்த நேரம் பொய் எழுதச் சொல்லுறியோ?"

அவர் மேலே சொன்னார்: "இப்ப உன்ர படிவமும் அதே கட்டடத்துக்குப் போகுது. ரெண்டையும் ஒருத்தன் பக்கத்தில வைச்சுப் பாத்தானெண்டால் உன்ர வேலையும் போகும், என்ர சிற்றிசன் உரிமையும் போகும்."

கடவுச்சீட்டுத் தேதியை எழுதிக் கொடுத்தேன். அனுமதியும் வந்தது. அப்பாவுக்கு அது ஆறுதலாகவில்லை. "இன்னும் பாக்கேல்லை. அவ்வளவுதான்." அன்று முதல் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரே கேள்வி: "என்ர மனுவை அங்க எங்கையும் கண்டனியே?"

அப்பா, அங்கே இருப்பது குழாய்கள். எத்தனை தரம் சொன்னேன்! நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்ப்பார். சந்தேகம் சளி மாதிரி, ஒரே வீட்டில் இருந்தால் தொற்றிவிடும். ஒரு மாதத்துக்குள் நிலவறையில் எந்தப் பெட்டியைக் கண்டாலும் என் டார்ச் வெளிச்சம் அதன்மேல் போய் நின்றது. பெட்டிகளைத் திறப்பது எங்கள் வேலை அல்ல. திறந்தால் உள்ளே விடும் பாஸையே பறித்துவிடுவார்கள்.

ஒரு மூலையில், நீராவிக் குழாய்க்குக் கீழே, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. எட்டு நாள் அதைக் கடந்து போனேன். ஒன்பதாம் நாள் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே துருப்பிடித்த வால்வுக் கைப்பிடிகள்.

"என்ன தங்கச்சி, தேடுறீரோ?"

கிருபா அண்ணை. எங்கள் குழுவின் எலக்ட்ரீஷியன், சுவிஸிலிருந்து பெயர்ந்து லண்டன் வந்தவர். முறைப்பாடு செய்வாரோ?

"சும்மா பாத்தனான் அண்ணை."

"நானும் போன மாசம் சும்மாதான் பாத்தனான். அந்த முடிச்சு நான் போட்டது." குரலைத் தாழ்த்தினார். "எங்கட சனம் இஞ்ச பெட்டியைத் திறந்தால் மனுவுக்குத்தான். முன்னால சதுக்கத்தில நானும் ஒண்டு எழுதிக் குடுத்தனான். சுவிஸில ஒரு தேதி, இஞ்ச ஒரு தேதி, மனுவில ஒரு தேதி. எனக்கே எப்ப பிறந்தனெண்டு சந்தேகம்."

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தோம். பிறகு அவர் என் பாஸைப் பார்த்தார், நான் அவருடையதைப் பார்த்தேன். இவர் யாரிடமும் சொல்லமாட்டாரே? அவருக்கும் அதே கேள்வி இருந்திருக்கும். கயிற்றைத் திருப்பிக் கட்டினோம்.

அன்று அப்பா கேட்டபோது, "ஓம், கண்டனான்," என்றேன். அவர் கை சோற்றில் நின்றது. "எலி திண்டுபோட்டுது."

"முழுக்கவோ?"

"முழுக்க. முதல் பக்கம் மருந்துக்கும் இல்லை."

கனநேரம் என்னைப் பார்த்தார். பிறகு மோரை ஊற்றிச் சாப்பிட்டார். அந்தக் கேள்வி அதன்பின் மேசைக்கு வரவேயில்லை. ஆறு பக்கத்தை எலிக்குக் கொடுத்துவிட்டேனே என்று சில நாள் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வேலை முடிந்து பாஸைத் திருப்பிக் கொடுத்தேன். கிருபா அண்ணையின் தொலைபேசி எண் மாறிவிட்டது. சதுக்கத்தில் அந்த மிதிபட்ட புல் எப்போதோ திரும்ப முளைத்துவிட்டது. நானும் வேறு வேலைக்காக வால்தம்ஸ்டோவுக்கு வீடு மாறிவிட்டேன்.

இன்னொன்றையும் காணவில்லை. அந்த எலிக் கதைக்கு மறுநாள் வாசற்கதவடியில் நீலப் பை இல்லை. அப்பாவின் பயம் தீர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது, என்னிடமிருந்தே அதை ஒளித்துவிட்டாரோ என்று தோன்றுகிறது. ஸ்ட்ரெதமுக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வோர் இடமாகப் பார்க்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இல்லை. அலுமாரி மேலே இல்லை. சாமியறையிலும் இல்லை. அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டால் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார். அப்பா என் கையைப் பார்க்கிறார்.