பித்தப்பையின் நேரம்

சீன வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு முதலில் தெரிய வேண்டியது, கொட்டாவியை வாய்க்குள்ளேயே விழுங்குவது. மில்லிக்கன் புறநகரில், கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவில் எங்கள் கிளினிக். புலம்பெயர்ந்த நம்மவர்கள் வந்தால் டொக்டரம்மாவின் அரைகுறை ஆங்கிலத்தைத் தமிழாக்குவதும் நான்தான். நித்திரை கெட்டவர்களே, உங்களை எனக்குத் தெரியும். நானும் உங்களில் ஒருத்தி.

சுவரில் ஒரு படம்

மேசைக்குப் பின்னால் மணிக்கூடு மாதிரி ஒரு வட்டப் படம் தொங்கும். இருபத்துநாலு மணித்தியாலத்தையும் உறுப்புகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். இரவு பதினொன்றிலிருந்து ஒன்று வரை பித்தப்பை, ஒன்றிலிருந்து மூன்று வரை ஈரல், பிறகு சுவாசப்பை. அவை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் நாம் பதினொன்றுக்கு முன் கண்ணை மூடிவிட வேண்டும். இதுதான் டொக்டரம்மாவின் சட்டம்.

ரெக்ஸ்டேலில் இருந்து வரும் ரக்சி ஓட்டும் அங்கிள் ஒருவருக்கு இதை விளக்கினேன். படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, என்ர ஈரலும் நைட் ஷிஃப்ட்தான் எண்டு அவவிட்டைச் சொல்லும்."

நான் விட்ட பிழை

ஜெசிந்தா அக்கா வந்தது தீராத தலையிடியோடு. பிஸ்கட் ஃபக்ரறியில் வேலை. விடிய ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். படுப்பதோ பன்னிரண்டரைக்கு. அதுவரை என்ன செய்கிறார் என்று டொக்டரம்மா கேட்டார். நான் அக்காவைக் கேட்கவே இல்லை. நம்மவர்கள் அந்த நேரத்தில் வேறு என்ன செய்வார்கள்? ரீவியில் நாடகம் பார்க்கிறார் என்று நானே சொல்லிவிட்டேன். டொக்டரம்மா முகத்தைச் சுளித்து, பத்தரைக்குப் படுக்கை என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு கிழமை கழித்து அக்கா வந்தபோது முகம் வாடியிருந்தது. மெதுவாக விசாரித்தேன். புருசன் அந்தோனி அண்ணைக்குப் பின்னேர ஷிஃப்ட். வீட்டுக்கு வருவது பதினொன்றரைக்கு. சனி ஞாயிறு அவருக்கு வேறு வேலை. அவர் சாப்பிடும்போது முன்னால் இருந்து கதைப்பதுதான் இருவருக்கும் கிடைத்த ஒரே நேரம். அதைத்தான் நான் நாடகம் ஆக்கியிருந்தேன். அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "தலையிடி போட்டுது தங்கச்சி. நான் முழிச்சிருந்து இவரைக் கண்டுதான் ரெண்டு கிழமை."

திருத்திய சட்டம்

உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். டொக்டரம்மா ஊசிகளை அடுக்குவதை நிறுத்தினார். அவருடைய கணவரும் நடுச்சாமத்தில் வீடு வரும் ரெஸ்ரோரன்ட் சமையல்காரராக இருந்தவராம். மதியம் இதயத்தின் நேரம், வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடம் கண்ணை மூடினால் போதும் என்றார். கதவைத் திறக்கப் போனபோது பின்னால் இருந்து சொன்னார்: "அவள் முழித்திருக்கட்டும். நானும் அப்படித்தான் இருந்தேன்."

சாப்பாட்டு மேசை

போன கிழமை அக்காவின் மருந்தை வாங்க அந்தோனி அண்ணையே வந்தார். அக்கா எப்படி என்று கேட்டேன். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "இருந்து பாத்துக்கொண்டு இருப்பன் எண்டுதான் சொல்லுறவ. நான் வரேக்கை பிளேற்றுக்குப் பக்கத்திலை தலையை வைச்சு நல்ல நித்திரை. எழுப்பிறேல்லை, தங்கச்சி. முன்னாலை இருந்து சாப்பிட்டிட்டுத்தான் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். டொக்டரிட்டைச் சொல்லுங்கோ, பதினொண்டுச் சட்டம் தப்பேல்லை."

இருபத்துநாலு மணித்தியாலத்தையும் உறுப்புகளுக்கே பங்கு போட்டு, புருசன் பெண்சாதிக்கு ஒரு நிமிடமும் மிச்சம் விடாமல் அந்தப் படத்தை வரைந்தவர் நிச்சயம் பகல் வேலைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.