விசாவில் இல்லாத வேலை

ராஸ் அல் கைமாவில் நடந்த அந்த இசை நிகழ்ச்சிக்கு எங்கள் பீங்கான் பேக்டரியிலிருந்து போனது இரண்டே பேர். நானும், செல்லமுத்து அண்ணனும். டிக்கெட் கொடுத்தும் வராதவர்... எங்கள் சூப்பர்வைசர்.

மேடையில் ஓர் அமெரிக்கர். பியானோ வாசிப்பார், பாடுவார், சினிமாவுக்கு இசையமைப்பார், நாடகத்துக்கும் எழுதுவார். பீங்கான் கிண்ணங்களைத் தட்டியும் வாசிப்பார். அந்தக் கிண்ணங்கள்தான் விமானத்தில் நொறுங்கிவிட்டன! நிகழ்ச்சியன்று காலையில் மனுஷர் எங்கள் பேக்டரிக்கே ஓடி வந்துவிட்டார். ஏழு சுரம் வேண்டும் — மாலை ஏழு மணிக்குள்.

பேச்சை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இதற்காவது உதவட்டுமே!

செல்லமுத்து அண்ணனின் வேலையே தட்டுவதுதான். தட்டிக் கேட்டு, விரிசல் விட்டதை ஒதுக்குவார். பதினோரு வருஷ அனுபவம். சிரத்தையாகத் தட்டித் தட்டி ஏழு கிண்ணங்களைக் கொண்டுவந்தார். அமெரிக்கர் வாசித்துப் பார்த்தார்.

ஏழும் ஒரே சத்தம்!

"அப்புறம்? ஒண்ணு மாதிரியே ஒண்ணு இருந்தாத்தான தம்பி மால் பாஸு, செக்கிங்குல தேறும்?"

"இல்லண்ணே, ஏழும் வேற வேற சத்தம் வேணுமாம்."

"அட, அப்ப கழிச்சுப் போட்ட குவியலுக்குல்ல போவணும்! தடிமன் கூடுனது, கொறஞ்சது எல்லாம் அங்கதான் கெடக்கு."

"டியூட்டியை விட்டுப் போனா ஆதா தின் கட், பாய்!" என்றார் சூப்பர்வைசர். அரை நாள் சம்பளம் காலி.

"கலாஸ், அவ்வளவுதான. வெட்டிக்கங்க" என்று அண்ணன் நடந்தார். நானும் கூடப் போனேன்.

வெயிலில் குனிந்து தட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, இத்தனை வேல செய்றாரே... இவரு விசாவுல என்ன தொழில்னு போட்டுருப்பான்?"

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அண்ணனின் விசா அட்டையில் தொழில் 'ஹெல்பர்'. பி.காம். படித்த என் அட்டையில் 'லேபர்'. அட்டையில் எழுதியது மட்டும்தான் நாம் என்று நாமே நம்பிவிடுகிறோம், இல்லையா? அந்த நம்பிக்கையைக் கெடுத்ததற்காக அந்த அமெரிக்கருக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

நாலரை மணிக்கு ஏழாவது கிண்ணம் கிடைத்தது.

அன்று மாலை, வாசித்து முடித்ததும் அவர் எங்கள் வரிசையைக் காட்டினார். "இந்த ஏழு சுரங்களையும் கண்டுபிடித்த காது, அதோ அவருடையது!"

அரங்கமே கைதட்டியது. சேஃப்டி ஷூவோடு எழுந்து நின்ற அண்ணன், தலையைச் சாய்த்து அந்தக் கைதட்டலைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"விரிசல் இல்ல தம்பி. பாஸு."

நேற்று சம்பளச் சீட்டு வந்தது. எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பிடித்தம்: ஐம்பத்திரண்டு திர்ஹம்.