பனியைச் சேலையாக்கிய கணக்கு

அப்போது ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். யாருடைய பாடம், எதை மாற்றினோம் என்று மட்டும் எழுத வேண்டும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு வகுப்பில் கொடுத்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன். எதை மாற்றினேன் என்று எழுதவில்லை. மாற்றியது ஒரே ஒரு கணக்குதானே.

அது பனி வாரும் கணக்கு. ஒரு தெருவின் பனியை இரண்டு பேர் பத்து மணி நேரத்தில் வாருகிறார்கள். ஒருவர் மட்டும் வாரினால் எவ்வளவு நேரம்? எங்கள் ஊரில் பனி என்பது மார்கழியில் மப்ளர் கட்டிக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான். அதனால் பனியைப் பட்டுச்சேலை ஆக்கினேன். இரண்டு பேர் பத்து நாளில் நெய்யும் கோர்வைச் சேலையை ஒருவர் எத்தனை நாளில் நெய்வார்? விடை இருபது. என் மேல் எனக்கே மதிப்பு கூடிப்போனது.

அதே கணக்கைத் தேர்விலும் கேட்டேன். ஒரு மாணவி மட்டும் 'நெய்ய முடியாது' என்று எழுதியிருந்தாள். திமிர் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டேன். அந்தப் பூஜ்யத்தால் அவள் தேறவில்லை. மறுதேர்வு சனிக்கிழமை என்று அறிவித்தேன்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். மார்க் கேட்க வரவில்லை.

"சனிக்கிழமை வேணாம் சார். அன்னிக்குத்தான் நாள் முழுக்கத் தறியில உக்காருவேன். கோர்வைன்னா கரையும் உடலும் தனித்தனி நாடாவுல ஓடும், ரெண்டு பேர் வேணும். அப்பா நெய்வாரு, நான் பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா தள்ளணும். காலேஜுக்கு வந்துக்கினு இருக்குறதால மத்த நாள்ல தறி சும்மா கெடக்குது."

"இதையெல்லாம் பேப்பர்ல எழுதியிருக்கலாமேம்மா."

"ஒரு வரிதான் சார் இடம் விட்டிருந்தீங்க."

பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்: "வெள்ளைக்காரங்க போட்ட கணக்கு. அவங்களுக்குத் தறி தெரியாது சார், பாவம்."

நான் பிறந்தது பக்கத்திலேயே, நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில். தினமும் பஸ் பிடிக்க நடக்கும் தெருவில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். வெள்ளைக்காரர் தலையிலேயே பழி இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அந்தக் கணக்கு நான் போட்டதும்மா."

விடைத்தாள் கட்டுக்குள்ளிருந்து அவள் தாளை எடுத்து, பூஜ்யத்தை அடித்து, முழு மதிப்பெண் போட்டேன். சனிக்கிழமை வர வேண்டாம் என்றேன். நன்றி சொல்லிவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"உங்களுக்கு எந்த ஊரு சார்?"

சென்னை என்றேன்.