நாலு மீட்டர் சந்து

அவனுக்கு நாற்பத்தாறு வயது. கட்டடங்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது தொழில். பள்ளிக்கூடத்தில் வைத்த ‘தொடைநடுங்கி’ என்ற பட்டப்பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் பொய்யும் இல்லை. போன் அடித்தால், என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துவிட்டுத்தான் எடுப்பான். மனிதர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், கோடுகள் எதிர்த்துப் பேசாது என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தான்.

அவன் அக்கா நேர் எதிர். இருபது வருஷம் சரக்கு வேன் ஓட்டியவள். வீடு மாறுகிறவர்கள் சாமான்களை வைக்க இடமில்லாமல் அல்லாடுவதைப் பார்த்து, ஊர் ஓரத்தில் இருந்த தன் நிலத்தில் வாடகைக் கிடங்கு கட்ட முடிவு செய்தாள். ஷட்டர் போட்ட அறுபது அறைகள். பிளான் தம்பி போட்டது. நகரத் திட்டக் குழு அனுமதி கொடுத்தது. ஆனால் ஒரு வருஷத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அனுமதி செல்லாது.

நாலாம் மாதம், தன் தெருவில் ஒரு தீயணைப்பு வண்டி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் திணறுவதைத் தம்பி பார்த்தான். வீட்டுக்கு ஓடிப் பிளானை விரித்தான். கிடங்கு வரிசைகளுக்கு நடுவே விட்டிருந்த சந்து நாலு மீட்டர்தான், கோடியில் சுவர். உள்ளே போகிற வண்டி திரும்பவே முடியாது. குழுவில் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தொடைநடுங்கி சொல்வானா? “மண்ணைச் சோதிச்சு முடிக்கட்டும்க்கா”, “மழை விடட்டும்க்கா” என்று மாதங்களை ஓட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அக்காவின் வேன் சத்தம் கேட்டாலே பிளானைச் சுருட்டி அலமாரிக்குள் தள்ளினான். கெடு முடியப் போகிறது என்றதும், ஆறு மாதம் நீட்டிக்கச் சொல்லி அக்கா மனுக் கொடுத்தாள். காரணம் கேட்ட இடத்தில் தம்பி ‘மழை’ என்று எழுதினான்.

கெடுவின் கடைசி நாளில் குழு கூடியது.

“பிளான்ல ஏதாவது மாத்தம் இருக்கா?” என்று தலைவர் கேட்டார். “இருந்தா நீட்டிக்க முடியாது. புதுசா விண்ணப்பிக்கணும்.”

“ஒரு கோடுகூட மாறலைங்க. என் தம்பி போட்டதாச்சே!” என்றாள் அக்கா.

தலைவர் பேனாவைத் திறந்தார். தம்பி அந்தப் பேனாவையே பார்த்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் என்றைக்காவது ஒரு அறையில் தீப்பிடித்தால், அந்தச் சந்தின் கோடியில் நிற்கப் போவது யார்? அக்காதான். பயந்தாங்கொள்ளிக்கு ஒரு வசதி உண்டு, பெரிய பயம் வந்தால் சின்ன பயம் வழிவிட்டுவிடும். எழுந்து நின்றான்.

“மாத்தணும்ங்க. சந்து பத்தாது. தீயணைப்பு வண்டி உள்ள போனா திரும்பாது. தப்பு என்னுது. எனக்கு எட்டு மாசமாத் தெரியும்.”

நீட்டிப்பை மறுக்க அவர்களுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவள் திட்டவில்லை.

“முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது. எங்கிட்ட சொல்ல முடியல. நான் என்ன பேயாடா?”

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“வேற ஏதாவது மறைச்சிருக்கியா?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல.”

அது உண்மைதான். ஓடிப்போய்ப் புது விண்ணப்பம் ஒன்று வாங்கி வந்து, அவளுடைய கையெழுத்து வர வேண்டிய இடத்தை விரலால் காட்டினான். இத்தனை வருஷமும் அந்த விரல் காட்டிய இடத்தில், பேச்சைக்கூட நிறுத்தாமல் கையெழுத்துப் போட்டவள் அவள்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.