வலிக்கு எத்தனை மார்க்?

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் கையெழுத்தும் யாருக்கும் புரியாது. அவர்களுக்கு அது படித்ததால் வந்தது. எனக்கு ஐந்தாவதோடு நின்றதால் வந்தது. புதிதாக வரும் அட்டெண்டர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. டேப் பிடிப்பவன்

மதுரையில் ஒரு மூட்டுவாத ஆஸ்பத்திரி. முதுகெலும்பு வாதம் என்று ஒரு நோய் உண்டு. இளவயதுக்காரர்களின் முதுகும் கழுத்தும் உள்ளுக்குள் வீங்கி, நாளடைவில் மூங்கில் போல இறுகிவிடும். அவர்களைக் குனியச் சொல்லி, விரல் நுனி தரைக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று டேப் பிடித்துச் சொல்வது என் வேலை. கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற வேலை. எண்ணைத் தவிர வேறெதுவும் பேச வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வீக்கத்தையே அடக்கும் பயாலஜிக் என்ற புது மருந்து வந்தது. டிரிப்பில் ஏற்றுவார்கள். விலையைக் கேட்டால் நோயே தேவலை என்று தோன்றும். ஒரு கம்பெனி பெரிய மனது பண்ணி சிலருக்கு இலவசமாகத் தந்தது. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்தில் நோயாளி சொல்லும் வலி மார்க் பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிட்டு, வரிசையில் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். வலி இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் பத்து. பள்ளிக்கூடத்தில் பத்தே வாங்காதவர்கள் இங்கே தாராளமாக வாங்கினார்கள்.

2. டீ கிளாஸ்

ஜெகந்நாதன் செல்லூரில் பவர்லூம் ஓட்டுகிறவர். முப்பத்திரண்டு வயது. முதல் நாள் தரையைப் பார்த்தபடிதான் வந்தார், வலிக்கு ஒன்பது என்றார். என் முகத்தைப் பார்க்க உடம்பு மொத்தத்தையும் திருப்பினார். தறிப்பக்கம் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. எதிரே டீக்கடையில் இருவரும் டீ குடிப்போம். அண்ணாந்து சாய்க்க முடியாததால், அவர் கிளாஸில் கடைசியில் கொஞ்சம் மிஞ்சிவிடும்.

மூன்று டிரிப் முடிந்து பரிசோதனைக்கு வந்த காலையில், அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். அந்த வாரம்தான் மறுபடி தறிக்குப் போனதாகச் சொன்னார். பிறகு அவரும் கூட வந்த மனைவியும் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ குசுகுசுத்தார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது.

3. பேனா நின்ற இடம்

டாக்டரம்மாவின் அறைக்குள் மட்டும் பழைய கூனலோடு நுழைந்தார். வலி எவ்வளவு என்று கேட்டதற்கு எட்டு என்றார். காலை விறைப்புக்கு ஒன்பது. குனியச் சொன்னேன், விரல் முழங்காலிலேயே நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனையில் வீக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் கம்பெனியின் ஆங்கிலப் படிவத்தில் மார்க்குக்குத்தான் கட்டம் உண்டு, ரத்தத்துக்குக் கிடையாது. டாக்டரம்மா 'நிறுத்தலாம்' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். ஆங்கிலம் தெரியாத ஜெகந்நாதன் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

ஆறு வருடத்தில் அந்த அறையில் முதல் தடவையாக எண் அல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"டாக்டர், இவரு காலையில டீய அண்ணாந்து முழுசாக் குடிச்சாரு."

பேனா நின்றது. ஜெகந்நாதன் என்னை முறைத்தார், தலையை மட்டும் திருப்பி.

"கழுத்து நல்லாத் திரும்புதே, ஜெகந்நாதன்," என்றார் டாக்டரம்மா.

ஜெகந்நாதன் கூனலை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லாருக்குன்னு சொன்னா, சரி போன்னு மருந்த நிப்பாட்டிருவீங்கன்னு நெனச்சேன் டாக்டர். தாலுகா ஆபீஸ்ல அழுது காட்டுனாத்தான் கையெழுத்துப் போடுறாங்க. இங்க மட்டும் சிரிச்சாத்தான் குடுப்பீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வாசலில் நின்ற மனைவி சொன்னார்: "இவரு பத்துன்னுதான் சொல்றதா இருந்தாரு. நம்ப மாட்டாங்கன்னு நாந்தான் எட்டாக்குனேன்."

மறுபடி கேட்டபோது இரண்டு என்றார். விரல் தரையைத் தொட நாலு அங்குலம்தான் பாக்கி. மருந்து தொடர்ந்தது.

வெளியே வந்ததும், "ஏண்ணே, இத டீக்கடையிலயே எனக்குச் சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

நியாயமான கேள்வி. நிபந்தனை அவருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவராயிற்றே!

இப்போது டேப்பை எடுக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும், குறைந்திருந்தால் குறைந்தது என்றே சொல்லுங்கள், மருந்து நிற்காது என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள். கூச்சம் பார்க்காதீர்கள். ஜெகந்நாதனுக்கு முன்பு, மருந்து பலிக்கவில்லை என்று இரண்டு பேரை நிறுத்தி அனுப்பினோம். அவர்களும் எட்டு, ஒன்பது என்றுதான் சொன்னார்கள். நிஜமாகவே வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

2009 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை